தொலைந்தால் நிற்க வேண்டிய இடம்

புதுச் சீட்டித் துணியின் கஞ்சி வாசம் எனக்கு ஆகாது. இப்போதும் ஜவுளிக் கடைக்குள் அந்த வாசம் அடித்தால் கை தானாகப் பக்கத்தில் எதையோ தேடும்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது, தங்கச்சி பஞ்சவர்ணத்துக்கு ஐந்து. கீழக்குயில்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அய்யா கூலி வேலைக்குப் போவார். சித்திரையில் காட்டில் வேலை கிடையாது, எங்களுக்கு முழுப்பரீட்சை லீவு, மதுரையில் பொருட்காட்சி போடுவதும் அந்த லீவில்தான். போய்வந்த பிள்ளைகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, நானும் போக வேண்டும் என்று ரெண்டு வேளை சோறு தின்னாமல் கிடந்தேன். அய்யா சரி என்றார். அம்மா சரி என்று சொல்லவில்லை. "போற நாலு பேரும் நாலு பேராத் திரும்பி வரணும்" என்றாள். அதிலிருந்து பத்து நாளைக்கு எங்கள் வீட்டில் நடந்த பேச்செல்லாம் எப்படித் தொலையாமல் போய்வருவது என்பதுதான்.

அந்த வருஷம் ஊருக்கு ஊர் "பிள்ளைபிடிக்கிறவன்" பேச்சாக இருந்தது. எங்கேயோ பாலம் கட்டுகிறார்களாம், காவு கொடுக்கப் பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தூக்குகிறார்களாம். பொருட்காட்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தைத் தாண்டாமல் போக முடியாது.

சித்தப்பா, அய்யாவின் தம்பி, டவுனில் மூட்டை தூக்கினார். எங்கள் வீட்டில் பொருட்காட்சியைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

"மதினி, லீவு நேரத்துல அங்க தலைதான் தெரியும், தரை தெரியாது. நீங்க பாட்டுக்கு எவன் புள்ளையவாவது கையப் புடிச்சுக் கூட்டியாந்து சோறு போட்டுக்கிட்டு இருப்பீங்க" என்றார்.

கேலிக்குத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. மறுநாளே டவுனுக்குப் போய் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே துணியாக எடுத்துவந்தாள். மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட சீட்டி. எனக்கும் தங்கச்சிக்கும் பாவாடை சட்டை, தனக்கு ரவிக்கை, மிச்சத்தில் அய்யாவுக்கு ஒரு சட்டை. பிள்ளை தொலைந்தால், துணியைப் பார்த்தே இது இன்னார் பிள்ளை என்று கண்டவர்கள் சொல்லிவிட வேண்டுமாம்.

"அண்ணே, ஒங்களுக்குமா பூப்போட்ட சட்டை? கரகாட்டத்துக்கு ஆள் பத்தலைன்னு வழியில மறிச்சிரப் போறாங்கெ."

"வாய மூட்றா" என்றார் அய்யா. போட்டுப் பார்த்தார். கழற்றி மடித்து வைத்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கும் பயம்தான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

நாள் பார்ப்பதிலும் பயம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வந்த கூட்டம் வடியட்டும் என்று ஒரு வாரம் தள்ளினார்கள். செவ்வாய்க்கிழமை எவனும் நல்லதுக்குக் கிளம்ப மாட்டான், கூட்டம் குறைவாக இருக்கும் என்று அய்யா கணக்குப் போட்டார். செவ்வாயா என்று அம்மா முனகினாள். கடைசியில் செவ்வாய்தான் ஆனது.

தொலைந்தால் எங்கே போய் நிற்பது என்று முடிவு சொன்னவர் சித்தப்பா. "ராட்டினத்துக்கிட்ட நிக்கச் சொல்லுங்க மதினி. அம்புட்டு ஒசரம். எங்கன நின்னாலும் தெரியும்."

அம்மாவுக்கு அது பிடித்துப்போனது. காலையிலும் சாயங்காலமும் தங்கச்சியை முன்னால் நிறுத்திக் கேட்பாள்.

"ஒம் பேரென்ன?"

"பஞ்சவர்ணம்."

"அய்யா பேரு?"

"சோணைமுத்து."

"தொலைஞ்சு போனா எங்கன போயி நிப்ப?"

"ராட்டினத்துக்கிட்ட."

"அழுவியா?"

"அழுவேன்."

"அழுதுக்கிட்டே நில்லு. நகரக் கூடாது."

தங்கச்சி ஒருநாள்கூடத் தப்பாகச் சொன்னதில்லை. எனக்குக் கொடுத்த வேலை, அவள் கையைப் பிடித்துக்கொள்வது. அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கிளம்பி ரெண்டு பஸ் மாறினோம். பாலத்தில் பஸ் ஏறியபோது கண்ணை மூடிக்கொண்டேன். கோரிப்பாளையத்தில் இறங்கி நடந்தோம். கூட்டம் குறையவில்லை. அய்யா போட்ட அதே கணக்கை எல்லோரும் போட்டிருந்தார்கள். பூச்சட்டையைப் பார்த்துப் பையன்கள் விசிலடித்தார்கள். அய்யா நேராகப் பார்த்து நடந்தார். சுவரெழுப்பின மாதிரி நாலு பக்கமும் ஆட்கள். தங்கச்சி கை என் கையில் வேர்த்துப்போய் வழுக்கியது. அப்போதும் விடவில்லை.

"டெல்லி அப்பளம்" என்று ஒன்று விற்றார்கள். முறம் அகலத்துக்கு இருக்கும், மேலே மிளகாய்ப்பொடி தூவியிருக்கும். அய்யா ஒன்று வாங்கி என்னிடம் நீட்டினார். ஒற்றைக் கையில் பிடித்தால் ஒடிந்துவிடும். ரெண்டு கையாலும் வாங்கினேன். ஒரு கடி கடித்துவிட்டுக் குனிந்தேன். தங்கச்சி இல்லை.

"கூட்டம் இழுத்துக்கிட்டுப் போயிருச்சும்மா" என்றேன். அப்பளம் எங்கள் காலடியில் நொறுங்கிக் கிடந்தது. அம்மா கீழே பார்க்கவில்லை.

ராட்டினத்தடிக்கு ஓடினோம். அங்கே அவள் இல்லை. அம்மாவையும் என்னையும் அங்கேயே நிறுத்திவிட்டு அய்யா மைக் கொட்டகைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரில் சொன்னார்கள்: ஐந்து வயதுக் குழந்தை பஞ்சவர்ணம், மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட பாவாடை, தாயார் ராட்டினத்தின் அருகில் காத்திருக்கிறார். மூன்று தடவை சொன்னார்கள். ஒரு பொம்பளை என் பாவாடையைப் பார்த்துவிட்டு, "இந்தா இருக்கு, இந்தா இருக்கு புள்ள" என்று என் தோளைப் பிடித்து அம்மா பக்கம் திருப்பினாள். அம்மா திரும்பினாள். நான் என்று கண்டதும் அவள் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை.

விளக்கு போட்டுவிட்டார்கள். அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "ராட்டினத்துக்கிட்ட நிப்பேன்னு சொன்னாளே, அத்தன தடவ சொன்னாளே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேலே ராட்டினம் கிரீச் கிரீச் என்று சுற்றியது. எங்கள் ஊர்க் கிணற்றில் கேட்கும் அதே சத்தம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கயிறு போட்டுத் தண்ணீர் இறைக்கிற உருளையைத்தான் ஊரில் நாங்கள் ராட்டினம் என்போம். ஆளை ஏற்றிச் சுற்றுகிற ராட்டினத்தைத் தங்கச்சி பார்த்ததே இல்லை. பத்து நாளாக அம்மா கேட்டது ஒரு ராட்டினம், அவள் சொன்னது வேறு ராட்டினம்.

"இங்க கெணறு எங்க இருக்கு?" என்று கத்தினேன். கிணறு என்றதும் அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு அலறினாள்.

பக்கத்தில் நின்ற பலூன்காரர், "கெணறா? இங்க மரணக் கெணறுதான் இருக்கு, அந்தா" என்று கையைக் காட்டினார். அதற்குப் பிறகு அம்மாவால் எழ முடியவில்லை. நான் ஓடினேன்.

பலகைகளை நிறுத்திக் கிணறு மாதிரி அடித்து, அதன் உள்சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிற வித்தை அது. பலகையெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. ஏணிப்படிக்குக் கீழே ஒரு கம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சொல்லிக்கொடுத்தபடி அழுதுகொண்டே நின்றாள் தங்கச்சி. யாரிடமோ கிணறு எங்கே என்று கேட்டிருக்கிறாள், அவர்களும் வழி காட்டியிருக்கிறார்கள்.

"அக்கா, கெணறு இருக்கு. ராட்டினத்தக் காணோம்" என்றாள்.

ஒன்றிலும் ஏறாமல், ஒன்றும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தோம். அம்மா என்னை அடிக்கவில்லை. "கூட்டம் இழுத்தா சின்னப்புள்ள என்ன செய்யும்" என்று ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் எனக்காகப் பேசினாள். அவள் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். தங்கச்சி எப்போது வாயைத் திறப்பாளோ என்று ரொம்ப நாள் பயந்துகொண்டிருந்தேன். அவள் திறக்கவில்லை. சின்னப்பிள்ளை, மறந்திருப்பாள் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த மைதானத்தில் இப்போது பெரிய கட்டடம் நிற்கிறது. எங்கள் ஊர்க் கிணற்றையும் தூர்த்துவிட்டார்கள். அய்யா போய் வெகுகாலம். அம்மா போய் மூன்று வருஷம். போன லீவில் தங்கச்சி வீட்டில், பேரப்பிள்ளைகளை "தீம் பார்க்" கூட்டிப்போக உட்கார்ந்து பேசினார்கள். எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்று பிரித்தார்கள். மருமகள் கடைக்குட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"ஆத்தாடி, இவகிட்டயா? எங்கக்கா என்னய ஒரு அப்பளத்துக்கு வித்தவ" என்றாள் தங்கச்சி.

எல்லோரும் சிரித்தார்கள். என்ன கதை என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "தெரியும்ல. அம்மாகிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா ஒன்னய அடிச்சுக் கொன்னுருக்கும். அப்புறம் நான் யாரு கூட பள்ளிக்கூடம் போறது?" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

நானாவது அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அடித்திருப்பாள், அவ்வளவுதான். அடிக்க இப்போது ஆள் இல்லை.