குடத்துக்குள் இரண்டு சீட்டு

பெரியப்பா பஞ்சாயத்துத் தலைவரானது என் கையால்தான். பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. கல்யாணமாகும்வரை பெருமைக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பழவேற்காட்டுப் பக்கம் முதன்முதலில் நெல் மில் வைத்தவர் அவர். மீஞ்சூர் ஸ்டேஷனில் வந்திறங்கிய எஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றி, பாதி வழி சேற்றில் தள்ளிக்கொண்டே வந்தாராம். மீன் பிடிக்கிற ஊரில் மில்லா, மனுஷனுக்குப் பித்து என்று சிரித்த ஊர், எஞ்சின் புகைவிட்ட மறுவாரமே நெல்லுக் கூடையும் கையுமாக வந்து நின்றது. யார் முதலில் என்று பெண்கள் மல்லுக்கு நின்றதால் பெரியப்பா எண் எழுதிய சீட்டுகள் கொடுத்தார். சீட்டை விளக்குத்திரி மாதிரி முறுக்கி, நுனியில் ஒரு முடிச்சுப் போட்டுத் தருவார். கூடைப் பின்னலில் செருகினால் விழாது. ஏரிக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் அந்த முடிச்சுச் சீட்டைப் பார்க்காத வீடு கிடையாது.

மில் ஓடினால் அடுத்த ஆசை வருமல்லவா? தேர்தலில் நின்றார். ஜெயித்தால் மில்லுக்கு எதிரே படகுத்துறை கட்டுவேன், கூடைக்காரிகள் இனி முழங்கால் சேற்றில் இறங்க வேண்டாம் என்றார். அதோடு விட்டாரா? தோற்றால் மில்லைப் பூட்டிவிட்டு மீஞ்சூருக்கே போய்விடுவேன் என்று கடைத்தெருவில் நின்று சபதமும் போட்டுவிட்டார். அவர் போனால் மில்லில் வேலை பார்த்த என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, வேலை போகும், எங்கள் வீடு இரண்டாகும். பெரியம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எதிர்த்து நின்றவர் அக்கரைக் குப்பத்து நாட்டார். அங்கே மீனவர்களுக்கு அவர்தான் ஊர்த்தலைவர். மெதுவாகப் பேசுவார். சிரித்தால் கண் மட்டும் சிரிக்கும்.

ஓட்டு எண்ணிய பள்ளிக்கூடம் டச்சுக்காரர் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்தது. பிள்ளைகள் நாங்கள் கல்லறை மதில்மேல் ஏறிக்கொண்டோம். பெரியப்பா முந்துகிறார் என்று ஒரு குரல் வரும், நாங்கள் கத்துவோம். நாட்டார் முந்துகிறார் என்று வரும், அக்கரைப் பிள்ளைகள் கத்துவார்கள். தொண்டை கட்டிப்போன நேரத்தில் பொன்னேரியிலிருந்து வந்த அதிகாரி வெளியே வந்து, இரண்டு பேருக்கும் சரிசமம் என்றார்.

சீட்டுப் போட்டு எடுக்க வேண்டும், நானே எடுக்கிறேன் என்றார் அதிகாரி. கூட்டம் விடவில்லை. எங்கள் ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாட்டுச் சீட்டைக் குழந்தை கைதான் எடுக்க வேண்டும். எடுத்தபின் அப்பீல் கிடையாது.

"பெரிய மனுஷன் கை எடுத்தா எவன் நம்புவான் சார்? கொழந்தை எடுக்கட்டும்" என்றார் நாட்டார். சொன்னவர் மதிலைப் பார்த்து என்னையே காட்டினார்.

"அது மில்லுக்காரரு ஊட்டுப் பொண்ணாச்சே!" என்று அவர் ஆட்களே கத்தினார்கள்.

"இருந்தா இன்னா? கொழந்தை கைக்குக் கட்சி கெடையாதுப்பா."

என்னைத் தூக்கி இறக்கினார்கள். வாய் குறுகிய பித்தளைக் குடம் ஒன்றைக் கவிழ்த்துத் துடைத்து வைத்தார்கள். அதிகாரி இரண்டு பெயரையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் கொடுக்க, பாட்டு வழக்கப்படி அவரவர் சீட்டை அவரவரே தோள் துண்டுக்குள் மறைத்து மடித்து, குடத்தில் போட்டார்கள். கையை விட்டேன். ஒன்று நாலாக மடித்த சீட்டு. மற்றது முறுக்கியது, நுனியில் முடிச்சு.

சந்தோஷத்தில் அழுகை வந்துவிடும் போலிருந்தது. கொஞ்சம் துழாவுவது மாதிரி பாசாங்கு செய்தேன். அந்த வயதிலேயே நான் அத்தனை கெட்டிக்காரி! பிறகு முடிச்சை எடுத்து நீட்டினேன்.

அதிகாரி முதுகைத் திருப்பிக்கொண்டு நகத்தால் முடிச்சை அவிழ்க்கப் பாடுபட்டார். நாட்டார் அவர் தோளுக்குப் பின்னால் நின்றார். பெயரைப் படித்ததும் இக்கரை முழுக்க வெடித்தது. பெரியம்மா பள்ளிக்கூட வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். நைனா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்.

தோளிலிருந்து பார்த்தேன். நாட்டார் மேஜையிலிருந்த அந்தச் சீட்டை எடுத்தார். விரித்துப் பார்த்தார். திரும்பவும் அதே மாதிரி முறுக்கி, அதே மாதிரி முடிச்சுப் போட்டு, மடியில் செருகிக்கொண்டார். தோற்றவர் ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறார் என்று நினைத்துப் பரிதாபப்பட்டேன். பெரியப்பாவும் அதைப் பார்த்தார். கழுத்தில் மாலை விழுந்துகொண்டிருந்தது, ஆனால் அவர் முகத்தில் அருள் இல்லை. களைப்பு என்று வைத்துக்கொண்டேன்.

மறு வருஷம் படகுத்துறை வந்தது. அக்கரையில் வந்தது. மில்லுக்கு எதிரே அதே சேறு. கூடைக்காரிகள் பெரியப்பாவை வாசலில் நின்று திட்டினார்கள். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. நாட்டார் தலையசைக்காமல் பெரியப்பா ஒரு தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று நைனா அம்மாவிடம் முணுமுணுத்தார். தோற்றவரிடம் போய் ஜெயித்தவர் எதற்குக் கேட்க வேண்டும்? இப்படி ஒரு கோழையையா கஷ்டப்பட்டு ஜெயிக்கவைத்தேன் என்று நொந்துபோனேன்.

துறையின் திறப்பு விழாவுக்கு எங்களையும் படகில் அழைத்துப் போனார்கள். நாட்டார் என் கை நிறைய மிட்டாய் கொடுத்தார்.

"நல்ல கை கண்ணு இது" என்று உள்ளங்கையைத் தட்டினார். "ஒங்க பெரியப்பன் அன்னிக்கு ஜெயிக்கலன்னா எனக்கு இந்தத் தொறையே இல்ல."

எவ்வளவு பெரிய மனசு என்று பூரித்துப்போனேன். ஓடிப்போய் பெரியப்பாவிடம் அதை அப்படியே சொன்னேன். ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலோடு நின்றவர் என்னைப் பார்க்கவே இல்லை. மிட்டாயில் ஒன்றை நீட்டினேன், வேண்டாம் என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.