ஏழு கம்பனிகளும் மெற்றில்டாவும்

மெற்றில்டா மன்னார் ஆஸ்பத்திரியில் எட்டு வருடம் நோயாளர் உதவியாளராக வேலை செய்தவள். லண்டனுக்கு வந்த பிறகு பராமரிப்புப் பயிற்சி எடுத்து, நகரின் எட்மண்டன் பகுதியில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்ந்தாள். பதின்மூன்று வருடமாக அங்கேயேதான். வயது ஐம்பத்தாறு. கல்யாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "நேரம் கிடைக்கேல்லை" என்பாள். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

கத்தோலிக்கக் கோயிற் சனம் அவளை அறிந்தது வேலையால் அல்ல, தொலைபேசி அட்டையால். அது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு. ஊருக்குக் கதைக்க எல்லோரும் ஐந்து பவுண் அட்டைதான் வாங்குவார்கள். கடைக் கண்ணாடியில் ஒரு அட்டை அறுநூறு நிமிடம் என்னும், இன்னொன்று இருநூறு என்னும். சனம் அறுநூறுக்குத்தான் கை நீட்டும். மெற்றில்டா மணிக்கூட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மன்னாருக்குக் கதைத்துப் பார்த்தாள். அறுநூறு சொன்ன அட்டை நூற்றுப்பத்தில் செத்துப்போனது. மற்றப் பக்கத்தில் ஆள் எடுத்த உடனே காசில் ஒரு வெட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு வெட்டு, பாவிக்காமல் வைத்திருந்தாலும் நாளுக்கு ஒரு வெட்டு. இருநூறு சொன்னது நூற்றெழுபது வரை ஓடியது. இதை அவள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். அதன் பிறகு ஞாயிறு பூசை முடிந்து மண்டபத்தில் தேநீர் குடிக்கிற நேரம், "அக்கா, இந்தக் கிழமை எந்தக் கார்ட்?" என்று நாலு பேராவது கேட்பார்கள்.

ஆகவே அந்த ஓகஸ்ட் மாதத்தில் அவளுடைய தம்பி அருள்நேசன் ஒரு கட்டுத் தாளை அவளுக்கு முன்னால் வைத்ததில் புதினம் ஒன்றும் இல்லை.

"அக்கா, இதுகளை ஒருக்காப் பார். எது நல்லதெண்டு சொல்லு."

"என்ன உது?"

"பிறீ பெற். ஃபுட்போல் சீசன் துடங்குதெல்லே. பந்தயக் கம்பனியள் புதுசா வாற ஆக்களுக்குச் சும்மா காசு தாறாங்கள்."

"உனக்கு ஏன் தரவேணும்? உன்ர மாமன் மச்சான்மாரோ?"

அருள்நேசன் சிரிக்கவில்லை. அவனுக்கு நாற்பத்தைந்து வயது, பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஊருக்குப் போய்ப் பேசாலைக் கோயிலில் றூபினியைக் கல்யாணம் கட்டி, ஆறு கிழமை இருந்துவிட்டுத் தனியே திரும்பி வந்தவன். அவளுக்குப் போட்ட முதல் விசா விண்ணப்பம் வருமானம் போதாது என்று திரும்பி வந்துவிட்டது. இந்த ஒக்ரோபரில் இரண்டாம் தரம் போடவேண்டும். மூன்று மாத வங்கி ஸ்டேற்மென்ற் வைக்கவேண்டும், இரண்டாயிரம் பவுணாவது காட்டினால்தான் மதிப்பு என்று விசா எடுத்தவர்கள் சொல்லியிருந்தார்கள். அவனிடம் ஆயிரத்து அறுநூறு இருந்தது.

"ஆரிட்டையும் கைமாத்து வாங்கிப் போட்டா ஒபிசர் கண்டுபிடிச்சிடுவான். இது எனக்குத் தாற காசு. ஏழு கம்பனியிலயும் எடுத்தா நானூறு சேர்ந்திடும்."

பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வது மெற்றில்டாவின் பழக்கம் அல்ல. "செவ்வாய்க்கிழமை எனக்கு ஓஃப். பார்த்துச் சொல்லுறன். அதுவரைக்கும் ஒண்டிலயும் கை வைக்காதை," என்றாள்.

செவ்வாய் காலை சமையலறை மேசையில் ஏழு தாள்களையும் பரப்பினாள். முதியோர் இல்லத்தில் மருந்துக்குக் கோடு போட்டு எழுதுவது போலவே இதற்கும் கோடு போட்டாள். மருந்தின் பெயர் வருமிடத்தில் கம்பனியின் பெயர். எவ்வளவு தருகிறார்கள், முதலில் நாம் எவ்வளவு கட்டவேண்டும், எத்தனை நாளுக்குள் பாவிக்கவேண்டும், வென்றால் எது கையில் வரும். கடைசிப் பத்தியை அகலமாக விட்டாள். தாளின் அடியில் பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் இருப்பதெல்லாம் அதற்குள் வரவேண்டும்.

மத்தியானச் சோறு ஆறிக் குளிர்ந்த பிறகுதான் எழுந்தாள். பத்துப் பவுண் தருகிற கம்பனி சொன்னதைத் தந்தது. ஆனால் அந்தப் பத்தும் கைக்கு வராது, அதை வைத்துப் பந்தயம் கட்டத்தான் ஏலும். ஒன்றுக்கு ஒன்று விலையில் கட்டி வென்றால் பத்து வரும், தோற்றால் ஒன்றும் இல்லை. சரிக்குச் சரி என்று பார்த்தால் அதன் பெறுமதி ஐந்து பவுண். இன்னொன்றும் அந்த மாதிரிதான். மூன்று கம்பனிகள் தந்த காசை ஏழு நாளுக்குள் கட்டி முடிக்காவிட்டால் அது போய்விடும் என்றன. ஒன்று ஐந்து ஆட்டங்களைச் சேர்த்துக் கட்டி ஐந்தையும் வெல்லச் சொன்னது. ஆகப் பெரிய எழுத்தில் ஆகப் பெரிய தொகையைப் போட்டிருந்த கம்பனிதான் ஆகக் கேவலம். இருநூறு கட்டினால் இருநூறு போனஸ். ஆனால் இரண்டையும் சேர்த்து எட்டுத் தரம் பந்தயத்தில் சுற்றாமல் ஒரு சதமும் வெளியே எடுக்க ஏலாது. எட்டு நானூறு மூவாயிரத்து இருநூறு. அதுவும் முப்பது நாளுக்குள்.

பின்னேரம் அருள்நேசன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன் அவள் சொன்னாள்: "ஏழில ரெண்டுதான் நேர்மை. அதுவும் ரெண்டும் சேர்த்துப் பத்துப் பவுண் பெறும். இந்த இருநூறுக்காரன்ர பக்கம் தலை வைச்சும் படுக்காதை."

அவன் ஒரு சப்பாத்தோடு நின்றான்.

"என்ன?"

"சனிக்கிழமை போனில கட்டிப்போட்டன் அக்கா."

"எவ்வளவு?"

"இருநூறு. அவங்கள் போனஸும் தரேல்லை, என்ர காசையும் பூட்டி வைச்சிருக்கிறாங்கள். ஒரு விலாசத்துக்கு ஒருக்காத்தானாம். இந்த விலாசத்தில ஏற்கெனவே ஆரோ எடுத்திட்டினமாம்."

வீட்டின் முன் அறையில் மெற்றில்டா, நடு அறையில் அருள்நேசன், மாடியில் சண்முகராசா. மூன்று பேருக்கும் கடிதம் வருவது ஒரே துவாரத்தால். கணினி இருப்பது மாடியில் மட்டும். மெற்றில்டா படியின் அடியில் நின்று கூப்பிட்டாள்.

"சண்முகராசா, கீழ வாரும்."

சண்முகராசா பால்கடையில் வேலை செய்கிறவன், ஐம்பது வயது, வாய்க்காரன். இறங்கி வந்து தாளைப் பார்த்ததும் கழுத்தைச் சொறிந்தான்.

"மே மாதம் எடுத்தனான் அக்கா. காசு முழுக்கப் போச்சு."

"முந்தி அறுபது பவுண் வெண்ட நேரம் எங்கள் எல்லாருக்கும் கொத்துரொட்டி வாங்கித் தந்தீர். இதைப் பற்றி மூச்சு விடேல்லையே."

"தோத்ததுக்கும் கொத்துரொட்டியோ அக்கா?"

அடுத்த நாள் மெற்றில்டா கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். கொப்பியில் திகதி, நேரம், கதைத்த பெண்ணின் பெயர் மூன்றையும் எழுதிவிட்டுத்தான் கதையைத் தொடங்கினாள். அருள்நேசன் பக்கத்தில் இருந்தான், சண்முகராசா கதவில் சாய்ந்து நின்றான். இருபத்தைந்து நிமிடத்துக்குப் பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள்:

"நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பமோ எண்டு கேக்கிறாள்."

"ஒரே கக்கூஸ் எண்டு சொல்லுங்கோ," என்றான் சண்முகராசா.

கதை கடைசியில் இப்படி முடிந்தது. இரண்டு வழி இருந்தது. ஒரு வீடு, ஒரு சலுகை என்பதை ஒப்புக்கொண்டால் போனஸ் கிடையாது, ஆனால் அருள்நேசனின் இருநூறும் ஒரு கிழமைக்குள் வங்கிக்குத் திரும்பும். இல்லை, வேறு வேறு ஆட்கள், தனித்தனிச் சீவியம் என்று வாடகைக் கடிதம் அனுப்பினால் கணக்குத் திறக்கும், போனஸும் விழும். ஆனால் அதோடு எட்டுத் தரம் சுற்றுகிற நிபந்தனையும் வரும்.

"வாடகைக் கடிதம் அனுப்புவம்," என்றான் அருள்நேசன்.

"அனுப்பி?"

"எனக்கு என்ர அறை, என்ர வாடகை, என்ர சோத்துப்பானை. உண்மைதானே?"

"உண்மைதான். அந்த உண்மையைக் குடுத்து என்னத்தை வாங்கப்போறாய் எண்டதுதான் கேள்வி."

"என்ர இருநூறும் போனஸும் சேர்த்து நானூறு அக்கா. இவ்வளவு கிட்ட வந்திட்டு விடச் சொல்லுறியோ?"

"மூவாயிரத்து இருநூறுக்குப் பந்தயம் கட்டவேணும். உன்ர மூண்டரை மாதச் சம்பளம்."

"கவனமா விளையாடினா முடிக்கலாம். சின்ன ரீமுக்கு எதிரா பெரிய ரீம் விளையாடேக்கை பார்த்துக் கட்டினா..."

"நிச்சயம் வெல்லுற ரீமுக்குச் சின்ன விலைதான் தருவாங்கள், அது கணக்கில சேராது. ஏழாம் நிபந்தனை. வாசிச்சனியோ?"

அவன் வாசிக்கவில்லை. ஆனால் அவன் விடுகிற ஆளும் இல்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குப் போனான். படுக்கையை விட்டு எழும்ப மறுக்கிறவரோடு மல்லுக்கட்டக்கூடாது என்பது மெற்றில்டாவின் பயிற்சியில் முதற் பாடம். அவர் யாருக்காக எழும்புவார் என்று பார்க்கவேண்டும். அவள் சனிக்கிழமை மத்தியானம் வரை ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை றூபினியின் அழைப்பு நாள்.

அன்று தம்பி கதைத்து முடிக்கப்போகிற நேரம் ரிசீவருக்குக் கை நீட்டினாள். "தா. நானும் ஒருக்காக் கதைக்கவேணும்."

றூபினி மன்னாரில் ஆசிரியை. மெற்றில்டா கூட்டாமல் குறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். இரண்டு வழியையும் சொன்னாள். எது நல்லது என்று மட்டும் சொல்லவில்லை.

"மச்சாள், அந்த நானூறு எப்ப எங்கட காசாகும்?" என்று கேட்டாள் றூபினி.

"மூவாயிரத்து இருநூறுக்குப் பந்தயம் கட்டின பிறகு. மிச்சம் இருந்தா."

"அவரிட்டைக் குடுங்கோ."

மெற்றில்டா ரிசீவரைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். றூபினியின் குரல் வகுப்பறைக்குப் பழகிய குரல், வெளியே கேட்டது.

"இஞ்சருங்கோ, முதல் சும்மா தாறாங்கள் எண்டு சொன்னியள். இப்ப கவனமா விளையாடினா எண்டு சொல்லுறியள்."

"நீர் பயப்பிடாதையும். நான் பார்த்துச் செய்வன்."

"கொழும்பில ஒபிசருக்கு முன்னால நிக்கப்போறது நீங்கள் இல்லை, நான். ஒரு மாதத்துக்குள்ள பந்தயக் கம்பனிக்குக் காசு போய் வந்து, போய் வந்து கிடந்தா, என்ர வாயால என்ன சொல்லுறது? வருமானம் காணாதெண்டு ஒருக்காத் திருப்பி விட்டவங்கள். இந்த முறை மனுசன் சரியில்லை எண்டு திருப்பி விடுவாங்கள். அதைக் கேக்க என்னால ஏலாது."

அருள்நேசன் காதில் ரிசீவரை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "ஓம்," என்றான். "விளங்குது. ஓம்."

திங்கட்கிழமை அவனே கம்பனிக்கு எடுத்தான். மெற்றில்டா கொப்பியைத் திறந்து பேனையைக் கையில் கொடுத்தாள். போனஸ் வேண்டாம், கணக்கை மூடுங்கள் என்று தன்னுடைய ஆங்கிலத்தில் அவன் மூன்று தரம் சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பெண் இருபது பவுண் சலுகை ஒன்றைச் சொன்னாள், பிறகு முப்பது என்றாள். அவன் வேண்டாம் என்றான். ஒன்பதாம் நாள் இருநூறும் வங்கிக்கு வந்தது.

ஆனால் ஸ்டேற்மென்றில் இரண்டு வரி கிடந்தது. போன வரி ஒன்று, வந்த வரி ஒன்று, இரண்டிலும் பந்தயக் கம்பனியின் பெயர். ஜனவரி வரை பொறுத்தால் அந்த வரிகள் மூன்று மாதக் கணக்குக்குள் வராது என்று சண்முகராசா யோசனை சொன்னான். அருள்நேசன் அக்காவைப் பார்த்தான்.

"மூண்டு வருசம் காணாதோ? ஒக்ரோபரிலேயே போடு. அந்த வரிக்கு ஒரு கடிதம் எழுதி வை," என்றாள் மெற்றில்டா.

அவன் எழுதிய முதற் கடிதம் இரண்டு பக்கம். தான் நல்ல கத்தோலிக்கன் என்றும், செய்தது பெரும் பிழை என்றும், இனிமேல் ஒருக்காலும் செய்யமாட்டேன் என்றும் இருந்தது. மெற்றில்டா வாசித்துவிட்டுக் குறுக்கே கோடு போட்டாள்.

"மன்னிப்புக் கேக்கிறதுக்கு ஃபாதர் இருக்கிறார். ஒபிசருக்கு நடந்ததை மட்டும் எழுது. எப்ப கட்டினனி, ஏன், எப்ப திருப்பி வந்தது. கம்பனி கணக்கை மூடின கடிதத்தைப் பின்னால குத்து."

மூன்றாம் தரம் எழுதியது ஆறு வரி. அதை அவள் விட்டாள்.

மிச்சக் காசுக்கு அவன் சனி ஞாயிறு மேலதிக வேலை எடுத்தான். ஞாயிறு பூசைக்கு மாலையில் கோயிலுக்குப் போனான். பெரிய ஆட்டங்கள் ஒன்றையும் பார்க்கவில்லை, யார் வென்றது என்று சண்முகராசாவிடம் கேட்டு அறிந்தான். செப்ரெம்பர் முடிவில் கணக்கில் ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பது நின்றது. அறுபது குறைவு. அதோடேயே விண்ணப்பத்தை அனுப்பினார்கள்.

நேர்காணல் டிசம்பர் முதற் கிழமை. அன்று மெற்றில்டாவுக்குக் காலை ஷிப்ட். முடித்துவிட்டு வீட்டுக்கு வர, அருள்நேசன் வேலைக்குப் போகாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தான். றூபினி கொழும்பில் ஒரு கடையிலிருந்து எடுத்தாள்.

"கேட்டவர். அந்த இருநூறு என்னெண்டுதான் முதல் கேட்டவர்."

"நீர் என்ன சொன்னீர்?"

"கட்டினவர், விளங்கினாப் பிறகு திருப்பி எடுத்தவர் எண்டு சொன்னன். கடிதத்தையும் காட்டினன். உங்கட மனுசன் பந்தயம் கட்டிறவரோ எண்டு கேட்டார். அவரின்ர அக்காவோட ஒரே வீட்டில இருந்துகொண்டு அது ஏலாதெண்டு சொன்னன்."

"சிரிச்சவரோ?"

"இல்லை. எழுதினவர்."

பதினெட்டு நாள் கழித்துப் பாஸ்போட் வந்தது. விசா குத்தியிருந்தது. றூபினி சொல்லச் சொல்ல அருள்நேசன் "ஓம், ஓம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். பிறகு ரிசீவரை அக்காவிடம் நீட்டிவிட்டுப் படியில் போய் இருந்தான்.

"றூபினி, எந்தத் திகதி பிளேன்?" என்று கேட்டாள் மெற்றில்டா. "கெதியாப் புக் பண்ணிச் சொல்லும். நானும் எயாப்போட்டுக்கு வரவேணும். ஷிப்ட் மாத்திறதெண்டா மூண்டு கிழமைக்கு முதல் எழுதிக் குடுக்கவேணும்."