அத்தை எண்ணிய சுறாக்கள்

எங்கள் அத்தையைப் போல ஒரு பைத்தியத்தை மலையூரான பூண்டுலோயாவின் கடைவீதி அதற்கு முன் கண்டதில்லை. கடலோர நீர்கொழும்பில் தையல் ஆலையில் வேலை செய்தவள், அங்கே சுறா எண்ணும் கூட்டம் ஒன்றில் சேர்ந்துவிட்டாள். சல்லிக்காசு சம்பளம் கிடையாது. மீன்சந்தைக்கு வரும் சுறாக்களை அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, படம் எடுத்துக் கைப்பேசியில் அனுப்ப வேண்டும். கடலில் சுறா குறைந்துகொண்டே போகிறதாம். எது, எங்கே, எவ்வளவு பிடிபடுகிறது என்று தெரிந்தால்தானே காப்பாற்ற வழி தேடலாம் என்பாள். தம்பி பிறந்தபோது அம்மாவுக்கு ஒத்தாசையாக, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்தவள், இங்கேயும் அந்த வேலையை விடவில்லை.

"கடலோரத்துல இருக்கிறவனே சும்மா இருக்கான். மலையில குந்திக்கிட்டு இவளுக்கு என்ன கேடு?" என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார்.

"மீனு லாரி ஏறி மலைக்கும்தானேண்ணே வருது" என்பாள் அத்தை.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த நாட்களில் வீட்டுக் கவலை வேறாக இருந்தது. அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை. தம்பி வீறிட்டு வீறிட்டு, கடைசியில் குரல் கம்மிப்போய்ப் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு கிடந்தான். லயத்தில் எல்லார் வாயிலும் ஒரே மருந்துதான்: பச்சை உடம்புக்காரிக்குப் பால்சுறாவைப் புட்டாக்கிக் கொடு, தன்னால் பால் ஊறும். அப்பா காலையில் தோட்டத்தில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு ஓடிவிட, சுறா வாங்க அனுப்பப்பட்டது யார்? சாட்சாத் அத்தையேதான்! அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டாள். அண்ணன் பிள்ளையின் முனகலுக்கு முன்னால் எந்தச் சுறா நிற்கும்? நானும் தொற்றிக்கொண்டேன்.

மீன்கடை முஸ்லிம் அண்ணனை எல்லாரும் நானா என்போம்; அவருக்கு அத்தையைக் கண்டாலே சிரிப்பு. "என்ன தங்கச்சி, இன்னைக்கும் போட்டோ புடிக்க மட்டும்தானா?"

"இல்ல நானா, வாங்கத்தான் வந்தேன். அண்ணிக்குப் பால்சுறா வேணும்."

ஐஸ் பெட்டியில் ஒன்றே ஒன்று கிடந்தது. வயிறு மட்டும் உப்பியிருந்தது. அத்தை வழக்கம்போலத் தையல் நாடாவை எடுத்து, ஒரு நுனியை என்னிடம் கொடுத்து வாலருகே பிடிக்கச் சொன்னாள். அளந்து, படம் எடுத்து, உடனே அனுப்பியும் விட்டாள். பிறகு நானா கத்தியை வயிற்றில் வைத்து இழுத்தார்.

முதலில் ரத்தமும் குடலும் சரிந்தன. அப்புறம் ஒரு குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கண், வாய், துடுப்பு எல்லாம் வைத்த முழுச் சுறா, ஒரு சாண் நீளத்துக்கு! அதன் பின்னால் இன்னொன்று. மொத்தம் நாலு. மீன் முட்டைதான் இடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பொய்யாகிப் போனது. அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு குட்டியின் நெஞ்சுக்குக் கீழிருந்தும் ஒரு கொடி புறப்பட்டுத் தாயின் வயிற்றுக்குள் போனது. வீட்டில் தம்பியின் தொப்புளில் காய்ந்து கறுத்த கொடி இன்னும் விழாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று காலையில்கூட அதைத் தொட்டுப் பார்த்து அடி வாங்கியிருந்தேன்.

"அத்தே! இதுக்கும் தொப்புள்கொடி இருக்கு அத்தே!"

நான் கத்திய கத்தலில் சந்தையே திரும்பிப் பார்த்தது. நானா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "யா அல்லாஹ்... வாயும் வயிறுமா இருந்திருக்கே" என்றார். அத்தனை சுறாக்களைப் பார்த்த அத்தையும் இப்படி ஒன்றைக் கண்டதில்லை. கைப்பேசியைத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். ஒருவழியாகப் படம் எடுத்து முடித்ததும் என் காதைப் பிடித்தாள். "அம்மாகிட்ட மூச்சு விட்ட, தோல உரிச்சிருவேன்டி!"

பூண்டும் மிளகுமாய்ப் புட்டு வாசம் லயம் முழுக்கப் பரவியது. மடியில் தம்பியைப் போட்டுக்கொண்டு அம்மா ஆசையாகத்தான் சாப்பிட்டாள். பாதித் தட்டு காலியானது. என் வாய் என்றைக்கு யார் பேச்சைக் கேட்டிருக்கிறது?

"அம்மா, அது வயித்துல நாலு குட்டி இருந்திச்சும்மா. தம்பி மாதிரியே கொடியோட."

அம்மாவின் கை அப்படியே நின்றது. அத்தை என்னைப் பார்வையாலேயே எரித்தாள்.

"குட்டிங்கள என்னா செஞ்சீங்க?" என்று கேட்டாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடிப்பாவி, அதையும் சமைக்கச் சொல்லப் போகிறாளா!

"நானா கடைக்குப் பின்னால குழி வெட்டிப் பொதைச்சிட்டாரு அண்ணி."

"நீ படம் அனுப்புவியே, அதுல அதுங்களையும் எண்ணுனியா?"

"தாய மட்டுந்தான் அனுப்புனேன். குட்டிங்கள படம் எடுத்து வச்சிருக்கேன், அனுப்ப மனசு வரல."

"அனுப்பு புள்ள. உசுரோட பொறக்கலன்னா கணக்குல இல்லாமப் போயிருமா? நாலுன்னு போடு."

அத்தை அனுப்பி முடிக்கும்வரை அம்மா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டை இழுத்து, கண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்துத் தம்பியை மாரில் போட்டுக்கொண்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அழுதுகொண்டே யாராவது தின்பார்களா? தொண்டையில் எப்படி இறங்கியது? அன்று முழுதும் நான் அவளோடு பேசவில்லை.

சுறாவாலோ எதனாலோ, இரண்டொரு நாளில் தம்பி வயிறு நிறையக் குடித்துத் தூங்கினான். மறுபடி சுறா வாங்கப் போன அப்பாவை அம்மா தடுத்து, முருங்கைக்கீரை போதும் என்றுவிட்டாள்.

எனக்கும் தம்பிக்கும் நடுவே ஒன்று பிறந்ததும், அது மூச்சே விடாமல் போனதும், அப்பா அதைத் தேயிலை மலையோரம் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்ததும் எனக்கு அப்போது தெரியாது. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் அப்பா முந்திக்கொண்டு "ரெண்டு" என்பார். அப்போதெல்லாம் அம்மா ஏன் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள் என்பதும் தெரியாது.