டிரேவர் வீட்டு நாற்பத்தேழு விநாடி

லிங்கராஜபுரத்தில் டிரேவரைத் தெரியாதவர்கள் என்றால் ஒன்று நேற்றுக் குடிவந்தவர்களாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரிடம் கேசட் எடுத்துவிட்டுத் திருப்பித் தராமல் இருபத்தைந்து வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களாக இருக்க வேண்டும். எண்பத்து நாலிலிருந்து இரண்டாயிரத்து இரண்டு வரை மெயின் ரோட்டில் வீடியோ கேசட் கடை வைத்திருந்த மனிதர். கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இந்தப் பக்கம் தையற்கடை, அந்தப் பக்கம் பன்றிக்கறிக் கடை, நடுவில் ஒரு பீரோ நிற்கிற அகலத்தில் டிரேவர். பெயர் மட்டும் 'ஹோலி ஃபேமிலி வீடியோ பேலஸ்'. அலமாரியில் இருந்த படங்களில் பாதி எந்த ஃபேமிலியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கக்கூடியவை அல்ல என்பது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் டிரேவருக்குச் சினிமாவே பிடிக்காது. "ரெண்டரை மணி நேரம் ஒருத்தன் அழறதப் பாக்கணும்னா நான் என் மச்சினன் வீட்டுக்கே போவேனே" என்பார். அவருக்கு மெஷின்தான் பிடிக்கும். படம் பார்ப்பது, எது நல்ல படம் என்று கஸ்டமருக்குச் சொல்வது எல்லாம் பெட்டி என்ற பெயருடைய அவர் மனைவியின் வேலை. ஸ்கூல் ஆபீஸ் முடிந்து வந்து சாயங்காலம் கடையில் உட்காருவாள். வருஷம் முழுக்கச் சளி, அந்தத் தொண்டை ஒரு நாளும் தெளிந்ததில்லை. அந்தக் கரகரத்த குரலில், "இது வேணாங்க, கடைசில ஹீரோயின் செத்துப்போயிடுவா" என்று முடிவைச் சொல்லித்தான் கேசட்டையே கொடுப்பாள். அதைக் கேட்கவே சிலர் வந்தார்கள்.

பெட்டி போய்ப் பதினெட்டு வருஷம் ஆகிறது. ஆல்பத்தில் போட்டோக்கள் இருக்கின்றன. குரல் இல்லை. இன்றைக்கு மாதிரி ஆளுக்கொரு போனில் பேச்சைப் பிடித்து வைக்கிற வழக்கம் அப்போது ஏது? முதல் சில வருஷம் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப் போய், இப்போதெல்லாம் டிரேவர் அவளை நினைத்தால் வாய் அசைகிறது, சத்தம் வருவதில்லை. இந்த வேதனையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூடச் சொன்னதில்லை.

இனி படத்துக்கு வருவோம். எண்பத்தாறில் 'ஏழாவது தபால்காரன்' என்று ஒன்று வந்தது. சுந்தரேசன் என்பவர் எடுத்தது. பட்டுவாடா ஆகாத ஏழு கடிதங்களை ஒரு தபால்காரன் ஒவ்வொன்றாகப் பிரிப்பான், நடுநடுவே ரயில் போகும். ஒரு தடவை எட்டு நிமிஷம் போகும். படம் நாலு நாள் ஓடியது, அதில் இரண்டு நாள் மழைக்கு ஒதுங்கியவர்கள் புண்ணியம். கேசட் மொத்த வியாபாரிகளிடம் அப்போது ஒரு வழக்கம் உண்டு. ஓடுகிற படம் பத்து கேட்டால் ஓடாத சனியன் ஒன்றையும் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். அப்படி டிரேவர் தலையில் விழுந்தது இது. இரண்டு வருஷத்தில் அதை எடுத்துப் போனவர் ஒரே ஒருவர். அவரும் தபால் இலாகா பரீட்சைக்கு உதவும் என்று நினைத்து எடுத்தவர்.

எண்பத்தெட்டு ஜனவரியில் விவேக் நகர் குழந்தை இயேசு கோயில் திருவிழாவைப் படம் பிடிக்க டிரேவர் ஒரு வீடியோ கேமரா இரவல் வாங்கி வந்தார். தோளில் வைத்தால் தோள் இறங்கிவிடும், அவ்வளவு கனம். வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கையிலோ வெற்றுக் கேசட் ஒன்றே ஒன்று, அது திருவிழாவுக்கு. மனிதர் என்ன செய்தார், யாரும் தொடாத தபால்காரனை எடுத்தார். படம் உள்ள கேசட்டில் தெரியாத்தனமாக வேறு எதுவும் பதிந்துவிடக் கூடாது என்று ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்து வைத்திருப்பார்கள். அந்த ஓட்டையில் செல்லோ டேப் ஒட்டிவிட்டால் மறுபடி பதியலாம். எல்லாக் கேசட் கடைக்காரருக்கும் தெரிந்த திருட்டு வேலை இது. டேப்பை ஒட்டி, கேசட் நின்றிருந்த இடத்திலேயே ஆரம்பித்து, சமையலறைச் சுவரையும் காலண்டரையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போயிருந்த பெட்டி, நைட்டியும் தோளில் துண்டுமாக வந்து நின்றாள். கேமராவை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுப்ப அணைச்சீங்களா, இல்ல அதையும் நான்தான் செய்யணுமா?" என்றாள்.

மொத்தம் நாற்பத்தேழு விநாடி. கேமரா வேலை செய்கிறது, பால் பொங்கிவிட்டது, இரண்டும் தெரிந்தன. டிரேவர் கேசட்டை அலமாரியில் திரும்பச் செருகிவிட்டு மறந்தே போனார். கடையை மூடியபோது மற்றவற்றோடு அதுவும் பழைய சாமான்காரனிடம் போனது.

ஆனால் அதற்கு முன்னாலேயே, சினிமாப் பைத்தியம் பிடித்த ரகுராம் என்கிற பேங்க்காரர் அதை எடுத்துப்போய் ஒரு காப்பி போட்டு வைத்துக்கொண்டிருந்தார். காப்பிக்குக் காப்பி, அதற்கும் காப்பி, கடைசியில் இன்டர்நெட். ஏழாவது கடிதத்தைத் தபால்காரன் பிரிக்கிறான். சட்டென்று ஒரு சமையலறை. நைட்டி போட்ட ஒரு பெண்மணி நம் கண்ணைப் பார்த்து அடுப்பை அணைத்தீர்களா என்று கேட்கிறாள். மறுபடி தபால்காரன், இப்போது கண்ணில் நீர். பார்த்த படித்த பிள்ளைகள் ஆடிப்போய்விட்டார்கள். அந்தப் பெண்தான் மரணம் என்று ஒருவர் எழுதினார். மரணமாவது மண்ணாங்கட்டியாவது, அவள் தேசம், அடுப்பு என்பது எமர்ஜென்சி என்று இன்னொருவர் எழுதினார். தோளில் கிடந்த துண்டைப் பற்றி மட்டும் நாற்பது பக்கம் எழுதி ஒருவர் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். பெட்டி துண்டு போட்டது தலை ஈரமாக இருந்ததால்.

டிரேவருக்கு இது ஒன்றும் தெரியாது. போன மாசம், மாடியில் குடியிருக்கும் அஷ்வின், ராஜபாளையத்துக்காரன், ஐ.டி. கம்பெனியில் வேலை, ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தான். நெஞ்சில் நைட்டியும் துண்டுமாக ஒரு பெண் படம். கீழே அந்த வாசகம்.

"இது எங்கப்பா கெடச்சுது?" என்றார் டிரேவர். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கல்ட் டயலாக் அங்கிள், உங்களுக்குத் தெரியாதா? படத்த ரீஸ்டோர் பண்ணி ஃபோர்-கேல தியேட்டர்ல விடறாங்க."

"உன் போன்ல காட்டு, பாக்கலாம்."

"நெட்ல இருந்ததையெல்லாம் கம்பெனிக்காரங்க எடுக்க வெச்சுட்டாங்க அங்கிள். பைரசியாம். இனிமே தியேட்டர்ல பாத்தாத்தான் உண்டு."

பைரசி என்ற வார்த்தையைக் கேட்டதும் பழைய கேசட் கடைக்காரர் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தார். மிச்சத்தையும் அஷ்வினே சொன்னான். சேலத்தில் ஒரு கிடங்கில் நல்ல பிரிண்ட் கிடைத்ததாம். அதில் அந்த இடத்தில் சமையலறையே இல்லையாம், தபால்காரன் முக்கால் நிமிஷம் நின்று வசனம் பேசுகிறானாம். கேட்டதற்கு டைரக்டர், சென்சாரில் சமையலறையை வெட்டச் சொன்னார்கள், அதனால்தான் வசனத்தை வைத்தேன் என்று சொன்னாராம். உடனே கம்பெனி வசனத்தைத் தூக்கிவிட்டு, பழைய வீடியோ காப்பியிலிருந்து சமையலறையை எடுத்துத் துடைத்துச் சேர்த்துவிட்டதாம்.

டிரேவருக்கு இரண்டு விஷயம் பளிச்சென்று புரிந்தன. பெட்டியின் குரல் இந்த ஊரில் ஒரு தியேட்டரில் கேட்கப் போகிறது. அது யார் வீட்டுச் சமையலறை என்று இவர் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே வெட்டி எறிந்துவிடுவார்கள். வாயை மூடிக்கொண்டு கிறிஸ்துமஸ் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. மால் தியேட்டர் நிரம்பி வழிந்தது. தாடிவைத்த வாலிபர்கள் பதினைந்து பேர் நைட்டி மாட்டித் துண்டு போட்டு வந்திருந்தார்கள். டிரேவர் அவர்களைக் கண்ணெடுத்துப் பார்க்க முடியாமல் திரையில் ஓடிய ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு கடிதம் தீர்ந்தது. ஏழாவதும் பிரிந்தது. சமையலறை வந்தது. பச்சையில் மஞ்சள் பூப் போட்ட நைட்டியை நீலமாக்கி வைத்திருந்தார்கள் பாவிகள். போகட்டும். துண்டோடு பெட்டி வந்து நின்றாள். முப்பது அடி உயரம். மேலும் கீழும் பார்த்தாள். டிரேவர் காதைத் தீட்டிக்கொண்டார். அவள் வாயைத் திறந்தாள்.

முன்னூறு பேர் ஒரே குரலில் கத்தினார்கள். வாசகம் முழுக்க, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை. அப்புறம் விசில், கைதட்டல். பெட்டியின் வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அதைப் பார்க்கவா இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார்? அதைத்தான் தினமும் வீட்டில் பார்க்கிறாரே. அவருக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது.

படம் முடிந்து மேடையில் சுந்தரேசனை உட்கார வைத்தார்கள். எண்பது வயது, பட்டு ஜிப்பா, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. பக்கத்தில் மைக்கோடு அதிதி, படத்தைப் புதுப்பித்த கம்பெனிக்காரப் பெண். அந்தச் சமையலறை நடிகை யார் என்று ஒரு நைட்டிக்காரன் கேட்டான்.

"மதுரைப் பக்கம் நாடக நடிகை" என்றார் சுந்தரேசன். "அந்த ஒரு பார்வைக்கு நாப்பத்தோரு டேக் எடுத்தேன்." கைத்தடிப் பூணைத் தடவிக்கொண்டார். "அதுக்கப்புறம் வேற யார் படத்துலயும் நடிக்க மாட்டேன்னுட்டா. ஏன்னு என்கிட்ட கேக்காதீங்க. சில விஷயம் மனசோட இருக்கட்டும்."

தியேட்டர் முழுக்க "ஓ" என்றது. டிரேவர் எழுந்துவிட்டார்.

"அந்தம்மா உங்கள ஏறெடுத்தும் பாத்திருக்க மாட்டாங்க சார்" என்றார். மைக் தேவைப்படவில்லை.

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள். இது எந்தக் கடிதத்தில் வரும் வசனம் என்று பின்வரிசையில் ஒருவன் பக்கத்தில் இருந்தவனைக் கேட்டான். மேலே சொல்ல டிரேவருக்கு நாக்குத் துடித்தது. சொன்னால் பெட்டி போய்விடுவாள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெளியே பாப்கார்ன் கடைப் பக்கம் கைத்தடிச் சத்தம் பின்னாலேயே வந்தது.

"நீங்க யாரு?" என்றார் சுந்தரேசன்.

"லிங்கராஜபுரத்துல கேசட் கடை வெச்சிருந்தேன்."

கேசட் கடை என்றதும் கிழவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அந்தம்மா?"

"என் பொண்டாட்டி. அது எங்க வீட்டு அடுப்பு."

சுந்தரேசன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டிரேவரின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாதீங்க சார். கும்பிட்டுக் கேக்கறேன். அந்த முக்கால் நிமிஷ வசனம் ஆறு மாசம் உக்காந்து நானே எழுதினது. எவனுக்கும் வேணாமாம். உங்க வீட்டு அடுப்புதான் வேணுமாம்." நிஜமாகவே கண் கலங்கியிருந்தது. டிரேவருக்குப் பாவமாக இருந்தது, பாவப்படுகிறோமே என்று எரிச்சலாகவும் இருந்தது.

"சொல்லல. ஆனா அவளப் பத்தி மதுரை கிதுரைன்னு இனி வாயத் தொறக்கக் கூடாது. அப்புறம், கத்தறவன் ஒருத்தனும் இல்லாம அந்த எடத்த மட்டும் எனக்கு ஒரு தடவ போட்டுக் காட்டணும்."

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சவுண்ட் சரியாக இருக்கிறதா என்று டைரக்டர் பார்க்க வேண்டும் என்ற சாக்கில், அதிதி காலித் தியேட்டரைத் திறந்து கொடுத்தாள். உள்ளே மூன்றே பேர். பெட்டி வந்து நின்றாள். மேலும் கீழும் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

தேன் மாதிரி ஒரு குரல் வந்தது. கரகரப்பு இல்லை, சளி இல்லை, அதட்டல் இல்லை. அடுப்பை அணைக்கச் சொல்கிறதா, ஆராரோ பாடுகிறதா என்றே தெரியாத குரல்.

"இது யாரும்மா?" என்றார் டிரேவர்.

அதிதிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒரிஜினல் சவுண்ட் யூஸே பண்ண முடியல அங்கிள், அவ்வளவு இரைச்சல். சென்னைல ஒரு டப்பிங் ஆர்ட்டிஸ்ட்ட வெச்சு லிப்புக்கு மேட்ச் பண்ணிட்டோம். இதுவரைக்கும் ஒரு ஃபேன்கூட கண்டுபிடிக்கல."

எப்படிக் கண்டுபிடிப்பார்கள், கத்தத்தானே வருகிறார்கள். படம் எடுத்தவருக்கே தெரியவில்லை, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

டிரேவர் எழுந்து நின்றார். "அது நடிகை இல்லம்மா. என் பொண்டாட்டி. நான்தான் இவர் படத்து மேலயே பதிஞ்சேன், தப்புதான். போலீஸ்ல சொல்லணுமா சொல்லிக்கோ. படத்துலேர்ந்து அவளத் தூக்கணுமா தூக்கிக்கோ. அவ பேசினது எங்க? அத மட்டும் குடுத்துடு."

சுந்தரேசன் கண்ணை மூடிக்கொண்டார். அதிதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு வாரத்துக்கு ஹவுஸ்ஃபுல் அங்கிள்" என்றாள் கடைசியில். "நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல." பிறகு பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். 'வேஸ்ட்' என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரைத் தேடிப் பிடித்தாள். கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினாள்.

டிரேவர் அதைக் காதில் வைத்தார். முதலில் வெறும் இரைச்சல், எங்கோ ஒரு ஆட்டோ ஹாரன். அப்புறம் வாசகம் வந்தது, கரகரவென்று, அதட்டலாக. அது முடிந்த பிறகும் நிற்கவில்லை, இரைச்சலுக்கு அடியில் முணுமுணுப்பாகத் தொடர்ந்தது. "நிக்கறாரு பாரு, மாப்ள மாதிரி" என்றாள் பெட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அப்புறம் மறுபடி இரைச்சல்.

அவர் முகத்தைப் பார்த்து அதிதிக்கு மனசு இளகிவிட்டது. "அங்கிள், அந்த இரைச்சல மட்டும் எடுத்துத் தரட்டுமா? அஞ்சு நிமிஷ வேலை. குரல் நல்லா சுத்தமா வந்துடும்."

"வேணாம்மா. அதுல கைய வெக்காத" என்றார் டிரேவர். "இன்னொரு தடவ போடு."