சில நாள் மட்டும் வந்த மானிட்டர்

என் மனைவி ஏஞ்சலினுக்குச் சின்ன வயதிலிருந்தே பார்வை குறைவு. கண்ணாடி போட்டும் புத்தகத்தை மூக்கோடு ஒட்டிக்கொண்டுதான் படிப்பாள். அப்படிப்பட்டவள் டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணி, பழனியில் அச்சகம் வைத்திருக்கும் நாச்சிமுத்துவுக்குப் பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களை வீட்டிலிருந்தே லேப்டாப்பில் அடித்துக் கொடுத்தாள். சின்னத் திரையோடு மல்லுக்கட்ட முடியாமல் 2007இல் பத்தொன்பது இஞ்ச் மானிட்டர் ஒன்று வாங்கி லேப்டாப்போடு இணைத்தோம். எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனுக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் கடை. மோட்டாருக்குள் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறேன். கன்னிவாடி, கீரனூர் வரைக்கும் கிணற்று மோட்டார் கருகினால் ஆண்டனிராஜைத்தான் தேடி வருவார்கள். லோ வோல்டேஜ் செய்யும் அநியாயத்தைத் தினமும் மோந்து பார்க்கிறவன் நான். அதனால் மானிட்டர் வந்த அன்றே ஃப்ரிட்ஜில் இருந்த ஸ்டெபிலைசரைக் கழற்றி, மேசைக்குப் பின்னால் வைத்து மானிட்டருக்கு மாட்டிவிட்டேன். ஃப்ரிட்ஜ் போனால் போகட்டும், அவள் மானிட்டர் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த வாரமே தொல்லை ஆரம்பித்தது. காலையில் சுவிட்சைப் போட்டு லேப்டாப்பை ஆன் செய்வாள். லேப்டாப்பில் படம் வரும், மானிட்டர் இருண்டே கிடக்கும். "என்னங்க, வரல!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். நான் காயிலை விட்டு எழாமலே, "அம்புட்டையும் அணைச்சிட்டு முதல்லேருந்து போடு!" என்று கத்துவேன். போடுவாள். வராது. ஆனால் சில நாள் எந்தத் தகராறும் இல்லாமல் பளிச்சென்று வந்துவிடும். விற்ற கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் அங்கே ஒவ்வொரு தடவையும் வந்தது. கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அக்காவுக்குக் கண்ணு சரியாத் தெரியாதுல்ல, ஏதாச்சும் பட்டனை மாத்தி அமுக்கிருவாங்க" என்றார். நானும் அதை நம்பினேன். வீட்டுக்கு வந்து அவளிடமே சொல்லியும் விட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் ஏன் ஆண்டனிராஜ்?

அவள் மறுநாளிலிருந்து தேதி காலண்டரில், மானிட்டரில் படம் வந்த நாளுக்கு வட்டமும் வராத நாளுக்குக் கோடும் போட ஆரம்பித்தாள். அதற்குள் நாச்சிமுத்து, வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு நோட்ஸ் வராவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சின்னத் திரையோடு கண்ணை ஒட்டி வைத்து அவள் படும் பாட்டைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இருக்கிற பார்வையும் போய்விட்டால்? புதன்கிழமை அவளுக்குத் தெரியாமல் நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டு, "அவளால முடியல, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலம் காலண்டரோடு வந்தாள். "சுவிட்சைப் போட்டுட்டு ஜெபமாலையில பத்து மணி உருட்டி ஜெபம் சொல்லி முடிச்சு, அப்புறம் லேப்டாப்பைத் தொட்ட நாளெல்லாம் வந்திருக்குங்க. அவசரத்துல உடனே ஆரம்பிச்ச நாள் வரல."

"அப்ப மாதாவே வந்துதான் உன் மானிட்டரைப் போடணுமாக்கும்! வாரண்டியில எழுதியிருக்கானான்னு பாரு."

சிரித்துவிட்டாள். "நானும் அதை நம்பல. அப்ப வேற என்னவா இருக்கும்?"

மறுநாள் காலை சுவிட்சைப் போட்டுவிட்டு, "மாதாவே, கோவிச்சுக்காதே" என்று சொல்லி, ஜெபம் சொல்லாமல் அதே நேரத்துக்குச் சும்மா உட்கார்ந்தாள். பிறகு லேப்டாப்பை ஆன் செய்தாள். மானிட்டர் வந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "செத்த நேரம் பேசாம நில்லுங்க. கண்ணை மூடிக்கங்க, காதை மட்டும் வைங்க."

சுவிட்சைப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். மூன்று நிமிஷம் இருக்கும். மேசைக்குப் பின்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம்.

அது என் ஸ்டெபிலைசர். கரண்ட் வந்தவுடன் ஃப்ரிட்ஜுக்கு விடாமல், மூன்று நிமிஷம் நிறுத்தி வைத்துத்தான் விடும். பேட்டரியில் ஓடும் லேப்டாப் அதற்குள் முழித்து, மானிட்டரைத் தேடிப் பார்த்து, இல்லையென்று முடிவு கட்டிவிடுகிறது; அப்புறம் மானிட்டருக்குக் கரண்ட் வந்தாலும் கண்டுகொள்வதில்லை. அம்புட்டையும் அணைக்கச் சொல்லி நான் கத்திய ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று நிமிஷம் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறது. இந்தத் தொழிலில் இருபது வருஷம். ஒரு தடவையாவது அவள் பக்கத்தில் போய் நின்று பார்த்தேனா? வெட்கக்கேடு.

முன்னறைக்கு ஓடிவந்து நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டேன். "அண்ணே, தப்பு என் மேலதான். கோளாறு ஏஞ்சலின் கண்ணால வந்ததில்ல. வேலையை வேற யாருக்கும் குடுத்துறாதீங்க."

"நான் எங்கீங்க குடுத்தேன்?" என்றார் அவர். "நேத்து நீங்க போனை வெச்ச கையோட அம்மாவக் கூப்பிட்டுக் கேட்டனுங்க. 'அவரு எனக்காகப் பயந்துக்கிட்டுச் சொல்றாருண்ணே, நீங்க ஒண்ணும் கேட்டுக்காதீங்க. ரெண்டு நாள் குடுங்க, கண்டுபிடிச்சிருவேன்'னாங்க."

போனை வைத்துவிட்டு உள்ளே போனேன். அவள் திரும்பாமல் டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

"பேசிட்டீங்களா? இந்தப் பக்கத்தை முடிச்சதும் நான் அணைக்கிறேன். அந்த ஸ்டெபிலைசரை ஃப்ரிட்ஜுக்கே மாட்டிருங்க" என்றாள்.