பாலவாடியில் பத்து மணித் தூக்கம்

பாலவாடி வேலைக்குப் படிப்பு எதற்கு, பொறுமை போதுமே என்பார்கள். சொன்னவர்கள் யாரும் ஒரே காலையில் முப்பது மூக்கைத் துடைத்ததில்லை. சின்னக் குழந்தைகளோடு மல்லாடுகிற உங்களுக்கு அது தெரியும். நான் எட்டாவதோடு நின்றவள். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஊர்க் கமிட்டி நடத்திய பாலவாடியில், ஐம்பதுகளின் கடைசியில் டீச்சராகச் சேர்ந்தேன்.

பாட்டு நடுவில்

மணி பத்தானால் பாதிக் குழந்தைகள் பாட்டு நடுவிலேயே சரிந்துவிடும். செல்வி என்கிற நாலு வயசுக் குட்டி கை தட்டிக்கொண்டே தூங்கும். ஜுரமோ என்று தொட்டுப் பார்ப்பேன்; இருக்காது. சாயங்காலம் அவள் அம்மா தங்கத்திடம் கேட்டேன். அவர்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்குத் தோட்டத்தில் பூப்பறிக்கிற வேலை.

“நாலு மணிக்கே கெளம்பணும் டீச்சரம்மா. வீட்டுல யாரு இருக்கா? தூக்கத்துலயே தூக்கிட்டுப் போயி வரப்புல உக்கார வச்சிடுறோம். அது தூங்குனா அடிக்காதீங்க, என்னை வேணும்னா திட்டுங்க.”

அலமாரிச் சாவி

மறுநாளே பத்து மணிக்குப் பாய் விரித்தேன். கமிட்டிக் காரியதரிசிக்கு மலைக்கோட்டையடியில் ஜவுளிக்கடை. “அ, ஆ தெரியாததுகளைத் தூங்க வைக்க ஒரு டீச்சரா?” என்று பாய்களை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியோடு போய்விட்டார்.

எனக்குக் குரலை உயர்த்தத் தெரியாது. பெருமாளை நினைத்துக்கொண்டு, வீட்டிலிருந்து பழைய ஒன்பது கஜப் புடவைகள் இரண்டைக் கொண்டுவந்து விரித்தேன். மடிப் புடவையில் கண்ட குழந்தையும் படுப்பதா என்று எங்கள் வீதியில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். மறுபடி வந்து பார்த்த காரியதரிசிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆயா முனியம்மா, துடைப்பமும் கையுமாக, அவர் காதில் விழும்படியே சொன்னாள்:

“மத்தியானம் கடையில துணிக்கட்டு மேல சாஞ்சு கொறட்டை விடுறவங்களுக்கு, இதுங்க தூங்குனா மட்டும் கண்ணு பொறுக்கலையாக்கும்!”

ஜீப் வந்த நாள்

மேலதிகாரி அம்மாள் பார்வையிட வரும்போது ஒரு குழந்தை தூங்கினாலும் என் வேலை போய்விடும் என்று காரியதரிசி சொல்லி வைத்திருந்தார். ஜீப் வந்தது பத்தரைக்கு. “எழுப்பும்மா!” என்று காரியதரிசி உள்ளே நுழையப் பார்த்தார். நான் வாசற்படியை விட்டு நகரவில்லை. “எழுப்ப மாட்டேன் சார். வேலை போனா போகட்டும். பதினொண்ணுக்குத் தானா எழுந்துக்கும், அதுவரைக்கும் உக்காருங்கோ” என்றேன்.

அதிகாரி அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தார். பூப்பறிக்கிற சங்கதியைச் சொன்னேன். எழுந்த குழந்தைகள் புளியங்கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் தனித்தனியாகப் பிரித்து, அவர் மடியில் எண்ணிப் போட்டன. போகும்போது, ‘தூக்கத்தை நிறுத்த வேண்டாம்’ என்று பார்வைப் புத்தகத்தில் எழுதினார். “அப்போ படிப்பு?” என்று காரியதரிசி கத்தினார். செல்வி, மூலையில் சுருண்டிருந்த ஒரு பொடியனைக் காட்டி, உதட்டில் விரலை வைத்தாள்.

“சத்தம் போடாதீங்க சார், தம்பி இன்னும் தூங்குறான்.”

எத்தனையோ தப்புக்குப் பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். காரியதரிசியை எதிர்த்துப் பேசினதற்கு மட்டும், பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்ட இந்த வயசிலும், கேட்கத் தோன்றவில்லை.