பூஜைக்கு வைத்த துப்பாக்கிப் புத்தகம்

பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்ச் சத்தம் கேட்கும் தூரத்தில்தான் தாணுவின் துப்பாக்கி ரிப்பேர் கடை. லைசென்ஸ் உள்ள கடை, பின்பக்கமே வீடு. பழைய அமெரிக்கத் துப்பாக்கி ஒன்று கைக்கு வந்துவிட்டால் மனுஷனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் அதன் உள்விவகாரம் தெரிய இந்த ஊரில் ஒரு நாதி கிடையாது. செய்த கம்பெனிகள் எப்போதோ இழுத்து மூடிப் போய்விட்டன. நெட்டில் தேடினால் பாதிப் பக்கத்தைக் காட்டிவிட்டு மீதிக்குக் காசு கேட்பான். வீடியோவில் ஒரு தாடிக்காரன் எல்லாவற்றையும் பிரித்துக் காட்டுவான். முக்கியமான இடம் வரும்போது அவன் கையே மறைத்துக்கொள்ளும். அமெரிக்கர்கள் கூடிப் பேசும் குழுவில் கேட்டால், பக்கத்தில் உள்ள நல்ல ரிப்பேர்காரரிடம் காட்டுங்கள் என்று பதில் வரும்.

"எலே, அந்தப் பக்கத்துல உள்ள ஆளே நான்தாம்லே!" என்று போனைப் பார்த்துக் கத்துவார் தாணு.

இந்த நிலையில்தான் கல்லாற்றிலிருந்து சத்தியதாஸ் வந்தான். பயிரைத் தின்னும் காட்டுப்பன்றியைச் சுட பஞ்சாயத்து அனுமதி கொடுத்திருக்கும் ஆட்களில் அவனும் ஒருவன். அவன் கையில் இருந்தது அப்பன் காலத்து அமெரிக்க இரட்டைக்குழல். தோட்டா போட்டு மூடினாலே இடது குழல் தானாக வெடித்துவிடுகிறதாம். போன வாரம் அவன் கால் தப்பியது கர்த்தர் புண்ணியம்.

"மரச்சீனிக் கெழங்கு பிடுங்க இன்னும் ஒரு வாரம் உண்டு அண்ணாச்சி. பணம் கெட்டிப் பாட்டத்துக்கு எடுத்த விளை. பன்னி பக்கத்து விளை வரைக்கும் வந்தாச்சு."

பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒரு சின்ன ஸ்பிரிங் ஒடிந்து, பாதியைக் காணவே இல்லை. செய்துவிடலாம், எஃகு இருக்கிறது. ஆனால் ஒடிந்து போன பாதி எப்படி வளைந்திருந்தது? அந்தக் கம்பெனி நடுவில் ஒருமுறை அதன் வடிவத்தையே மாற்றியிருக்கிறது. எந்த சீரியல் நம்பருக்கு எது என்று தெரியாமல் போட்டால், அடுத்த தடவை கால் தப்பாது.

அதற்கான புத்தகத்துக்கு அவர் எப்போதோ சொல்லி வைத்திருந்தார். ஒவ்வொரு துப்பாக்கியையும் உறுப்பு உறுப்பாகப் பிரித்து வரைந்த தடிப் புத்தகம், நம்பர் விவரத்தோடு. எங்கெங்கோ அலைந்து, ஓரம் நசுங்கி, துர்காஷ்டமியன்று மத்தியானம் வந்து சேர்ந்தது. தாணுவுக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் புத்தகம், சரஸ்வதி காலில் வைக்காமல் விரிக்கலாமா? கவரைக்கூடப் பிரிக்காமல் மஞ்சள் தடவி, சிவப்புப் பட்டு சுற்றி, சாயங்காலம் பூஜையில் வைத்தார். கூடவே அரம், திருப்புளி, குறடு எல்லாம். நடுவில் ஒரு நாள் போனால் விஜயதசமி, காலையில் எடுத்துவிடலாம் என்று கணக்கு.

கற்பூரம் காட்டி முடித்த பிறகு மனைவி முத்தாரம்மாள் சொன்னாள்:

"இந்த வருஷம் திதி நீண்டு ஒரு நாள் கூடுதல் கேட்டியளா. பூஜை எடுக்க ஒரு நாள் பிந்தும்."

அட கஷ்டகாலமே! பூஜைக்கு வைத்ததை விஜயதசமிக்கு முன்னால் தொடக்கூடாது, படிக்கக்கூடாது, ஆயுதம் எடுக்கக்கூடாது. தாணுவுக்கு வந்த கோபத்தில் பஞ்சாங்கம் எழுதினவனைத் திட்டினார், புத்தகத்தைத் தாமதமாகக் கொண்டுவந்த தபால்காரனைத் திட்டினார், கிழக்கேகோட்டையில் நவராத்திரிக் கூட்டத்துக்கு ஹாரன் அடித்த பஸ்ஸையும் விடவில்லை.

மறுநாள் சத்தியதாஸ் நேரிலேயே வந்துவிட்டான். ராத்திரி பன்றி அவன் வேலியை முட்டியிருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ஒரு வழி தோன்றியது.

"அண்ணாச்சி, எனக்குப் பூஜையா வைப்பா? நான் வேதக்காரன், ஞாயித்துக்கெழம பள்ளிக்குப் போறவன். புஸ்தகத்த நான் எடுத்து விரிச்சுப் பிடிக்கேன். நீங்க தொடாண்டாம், பாத்தா போதும். அரமும் நான் வேற கொண்டு வாறேன். பாவம் வந்தா என் தலையில வரட்டு."

தாணு பூஜையறை வாசல்வரை போனார். பட்டுக்குள் புத்தகம் தடியாகத் தெரிந்தது. கை துருதுருத்தது. சரி என்று சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது.

முத்தாரம்மாள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "எடுக்கட்டும் விடுங்க. பன்னி வாறது சரஸ்வதிக்குத் தெரியாமலா இருக்கும்?"

அவ்வளவுதான், மனுஷனுக்கு வீம்பு வந்துவிட்டது. "நீ சும்மா கெட! ஒனக்கு என்ன தெரியும்? வச்சது வச்சதுதான். சத்தியதாசே, விஜயதசமிக்குக் காலம்பற வா. போ."

சத்தியதாஸ் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தான். தாணு அன்றைக்கும் மறுநாளும் கடைக்கும் பூஜையறைக்கும் நடந்துகொண்டே இருந்தார். முத்தாரம்மாள் ஒதுங்கி ஒதுங்கி வழிவிட்டாள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

விஜயதசமி விடிந்ததும் குளித்து, பூஜை எடுத்து, அரிசியில் விரலால் ஹரிஸ்ரீ என்று எழுதி, ஈர வேட்டியோடேயே புத்தகத்தைப் பிரித்தார். அந்தப் பக்கம் சட்டென்று கிடைத்தது. அதே துப்பாக்கி, அதே ஸ்பிரிங். சத்தியதாஸ் துப்பாக்கியின் நம்பருக்குக் கொக்கி உள்பக்கமாக வளைய வேண்டும். படம் அவ்வளவு தெளிவாக இருந்தது. உடனே போன் போட்டார்.

"சத்தியதாசே, கிட்டியாச்சுடே! அரை நாள் வேலைதான். மத்தியானம் வந்து வாங்கிக்கோ."



"அந்த அரை நாள் எனக்கு முந்தாநாள் வேண்டியிருந்துது அண்ணாச்சி. நேத்து ராத்திரி பன்னி கூட்டமா எறங்கியாச்சு. நானும் வீட்டுக்காரி சிஜியும் டின் அடிச்சு அடிச்சுக் கை வீங்கிப் போச்சு. ஒரு மூடு கெழங்கு விடல்ல." பிறகு, "துப்பாக்கி அங்கயே இருக்கட்டு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

முத்தாரம்மாள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்வாள், அவள்மேல் பாயலாம் என்று தாணு பார்த்தார். அவள் பாயசத் தம்ளரை மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் அரத்தை எடுத்தார். சாப்பிடாமல் உட்கார்ந்து எஃகை வளைத்து, காய்ச்சி, எண்ணெயில் முக்கி, படத்தில் உள்ளபடியே செய்து பொருத்தினார். தோட்டா இல்லாமல் துப்பாக்கியை மூடினார். இடது குழல் தானாக அடிக்கவில்லை. திரும்பத் திரும்பத் திறந்து மூடிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கச்சிதமாக நின்றது. நிற்க நிற்க அவருக்கு அழுகையாக வந்தது.